பழைய கார் வாங்கிய மூன்றாம் நாளே எஞ்சின் விளக்கு எரிகிறதா? அணைக்கும் முன் படியுங்கள்!

ஆவூரிலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் வீட்டில் இதுவரை இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் வாடகைக் காரைக் கூப்பிட வேண்டும். அத்தாவுக்கு மாதம் இரண்டு முறை பரிசோதனை என்றானபிறகு, வளைகுடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய பணத்தோடு கையிலிருந்த சேமிப்பையும் சேர்த்து, பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். பெயின்ட் பளபளத்தது, ஏசி குளிர்ந்தது, டயர் நன்றாக இருந்தது. "கம்ப்ளைன்ட் எதுவும் இல்லை" என்றார் வியாபாரி.

மூன்றாம் நாள் அத்தாவை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்தோம். வண்டி குலுங்கியது. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டியது. வேகத்தைக் குறைத்ததும் சிமிட்டல் நின்றது, ஆனால் விளக்கு அணையவில்லை.

அன்று மாலை பக்கத்திலுள்ள மெக்கானிக்கிடம் போனோம். அவர் சொன்னது இது: "பாய், லைட்டை அணைக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. இப்பவே அணைச்சுத் தரேன். ஆனா நாளைக்கு மறுபடி எரிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

அந்த நேரத்தில் "சரி, அணைச்சிடுங்க" என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லியிருந்தால் இரண்டு நஷ்டம் ஆகியிருக்கும். நோய் என்னவென்று தெரியாமல் போயிருக்கும். வியாபாரியிடம் பேசுவதற்கு எங்கள் கையிலிருந்த ஒரே ஆதாரமும் அழிந்திருக்கும். இப்போது நம் ஊர்களில் பலரும் பழைய கார்தான் வாங்குகிறார்கள். இதே நிலை உங்களுக்கும் வரலாம் என்பதால் நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே விளக்கமாக எழுதுகிறோம்.

இந்த விளக்கு எதற்காக?

பலரும் நினைப்பதுபோல இது "எஞ்சின் போய்விட்டது" என்று சொல்லும் விளக்கு அல்ல. காரின் புகை மாசு கட்டுப்பாட்டோடு சேர்ந்து வந்த விளக்கு இது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் புகைமூட்டம் பெரிய பிரச்சினையானபோது, எஞ்சினில் பழுது ஏற்பட்டுப் புகை கூடினால் காரே ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓபிடி 2 என்ற பொதுவான முறை கட்டாயமானது. நம் நாட்டில் பிஎஸ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து இந்த முறை வந்தது. பிஎஸ் 4 விதி நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரல் 1 அன்றும், பிஎஸ் 6 விதி 2020 ஏப்ரல் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன.

எஞ்சினைச் சுற்றியுள்ள பல சென்சார்கள் காற்று, பெட்ரோல், வெப்பம், புகை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு தவறினால் எஞ்சினை இயக்கும் சிறு கணினி அதை ஒரு குறியீடாக எழுதி வைத்துக்கொண்டு விளக்கைப் போடும். விளக்கு எரிகிறது என்றால் உள்ளே ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் தேட வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.

நிறத்தைப் பாருங்கள், எரிகிறதா, சிமிட்டுகிறதா என்று பாருங்கள்

1. சிவப்பு விளக்கு: எண்ணெய்க் குவளை படம் (ஆயில் அழுத்தம்) அல்லது வெப்பமானி படம் (எஞ்சின் சூடு) சிவப்பாக எரிந்தால் அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆயில் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

2. மஞ்சள் எஞ்சின் விளக்கு சிமிட்டினால்: ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதனால் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே இருக்கும் பீங்கான் வலை உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய பாகம் அது. சிறு செலவில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரம் ரூபாய்க்குப் போவது இங்கேதான். உடனே வேகத்தைக் குறையுங்கள். சிமிட்டல் நிற்காவிட்டால் வண்டியை நிறுத்தி, கட்டி இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். அப்போது வைக்கோல், காய்ந்த புல் மீது நிறுத்தாதீர்கள். அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே வைக்கோல் காயப்போடும் ஊர்கள் நம்முடையவை. சூடான புகைக்குழாயில் வைக்கோல் பட்டால் தீப்பிடிக்கும்.

3. மஞ்சள் விளக்கு சிமிட்டாமல் எரிந்தால்: வண்டி குலுங்காமல், சூடு ஏறாமல் ஓடுகிறது என்றால் நிதானமாக வீடு வந்து சேரலாம். ஆனால் ஓரிரு நாளில் பார்த்துவிட வேண்டும். "ஓடுதுல்ல" என்று மாதக்கணக்கில் விட்டால், நாளை வேறொரு பழுது வந்தாலும் தெரியாது. விளக்குதான் ஏற்கெனவே எரிகிறதே!

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறியபிறகு பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பாருங்கள். கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே அளவு இருக்கிறதா பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரி முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கொல்லைப்புறத்தில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் வீடுகளில் எலி கடி சாதாரணமாக நடப்பது. ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும், கிளிப் கழன்றிருந்தாலும் இந்த விளக்கு எரியும்.

"பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் போதும்" என்று யூடியூபில் பலர் சொல்வார்கள். அமெரிக்கக் கார்களுக்கு அது பொருந்தும். நம் நாட்டில் ஓடும் பல கார்களில் அந்தக் கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பே கிடையாது. இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அதையே நம்பி இருந்துவிடாதீர்கள்.

பிஎஸ் 6 டீசல் கார் வாங்கியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி (டிபிஎஃப்) உண்டு. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகச் சிறு தூரமே ஓட்டினால் கரி அடைத்துக்கொள்ளும். அதற்கென்று இருக்கும் விளக்கு எரியத் தொடங்கியதுமே நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் 20 நிமிடம் போல ஓட்டினால் பெரும்பாலும் அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரியும்.

அழிக்கும் முன் எழுதி வையுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் குறியீடுகள் வரும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் போகலாம். அல்லது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவியை வாங்கிச் செருகி நம் செல்போனிலேயே பார்க்கலாம். நாங்கள் அப்படி ஒன்றை வாங்கினோம்.

எங்கள் காரில் வந்த குறியீடு பி 0303. "பி" என்றால் எஞ்சின், கியர் தொடர்பானது. அடுத்து வரும் பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டுகிறது. அங்கே 1 இருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தக் குறியீடு. 0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி 0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம். பி 0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். குறியீடு என்பது புகார்தான், தீர்ப்பு அல்ல. பி 0171 வந்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். உண்மையில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம். சென்சார் சரியாகத்தான் புகார் சொல்லியிருக்கும். புகார் சொன்னவனையே மாற்றினால் பிரச்சினை தீருமா? எனவே "எந்தப் பாகத்தை மாத்தணும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்தப் பாகம்தான் கெட்டிருக்குன்னு எப்படி உறுதி பண்ணுனீங்க?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

எங்கள் மெக்கானிக் அதை அழகாகச் செய்து காட்டினார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டார். முதலாவதில் இருந்ததை மூன்றாவதில் போட்டார். சிறிது தூரம் ஓட்டியதும் குறியீடு பி 0301 என்று மாறியது. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. எனவே கெட்டது காயில்தான்; பிளக்கோ இன்ஜெக்டரோ எஞ்சினோ அல்ல. இதற்கு ஒரு ரூபாய்க்கும் பாகம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

காயிலை இடம் மாற்றுவதற்கு முன்பே, எதையும் அழிக்காமல், ஸ்கேனர் திரையில் வந்ததையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருந்தோம். குறியீடு, விளக்கு எரிந்த நொடியில் எஞ்சின் வேகமும் சூடும் எவ்வளவு என்ற பதிவு, மீட்டரில் கிலோமீட்டர் ஆகிய எல்லாம் அதில் இருந்தன. அந்தப் போட்டோக்களில் ஒன்றுதான் பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது.

காரே சொன்ன சாட்சி

குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். ஆனால் பல கார்களில் கணினி இன்னொன்றையும் எண்ணத் தொடங்கும்: கடைசியாக அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு. நல்ல ஸ்கேனரிலும், செல்போன் ஆப்கள் சிலவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

வண்டி எடுத்த நாளில் டெலிவரி சீட்டில் கிலோமீட்டர் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அதிலிருந்து கணக்குப் பார்த்தால் நாங்கள் ஓட்டியது 118 கிலோமீட்டர். "அழித்தபின் ஓடியது" என்று காரின் கணினி காட்டியது 124 கிலோமீட்டர். அதாவது வண்டி எங்கள் கைக்கு வருவதற்கு ஆறு கிலோமீட்டர் முன்னால்தான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

இதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. புதிய பேட்டரி மாற்றினாலும் இந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும். ஆகவே வியாபாரியிடம் சண்டைக்குப் போகவில்லை. போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டெலிவரிக்கு முன்னாடி பேட்டரி மாத்துனீங்களா, இல்ல ஸ்கேனர் போட்டீங்களா? மாத்தியிருந்தா பில் அனுப்புங்க" என்று மட்டும் கேட்டோம். முதலில் "எங்களுக்குத் தெரியாது" என்றார். பில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து காயில் செலவையும் கூலியையும் தந்துவிடுவதாகச் சொன்னார், தந்தும்விட்டார். மெக்கானிக் அன்றே விளக்கை அணைத்திருந்தால், அந்த 124 என்ற எண்ணும் அதோடு போயிருக்கும்.

வியாபாரத்தில் குறையை மறைப்பது பற்றி நமக்குப் புதிதாக யாரும் சொல்லத் தேவையில்லை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி நாம் எல்லோரும் அறிந்ததே. விற்பதற்கு முந்தின நாள் விளக்கை அணைப்பதும், ஈரத் தானியத்தின் மேல் காய்ந்ததைக் கொட்டுவதும் ஒன்றுதான். வாங்கும்போது மட்டுமல்ல, நாளை நாம் விற்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும்.

பேசி முடியாவிட்டால்?

முதலில் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் ஆதாரம் இருக்காது. வாங்கிய தேதி, விளக்கு எரிந்த தேதி, கிலோமீட்டர், குறியீடு, மெக்கானிக் தந்த மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் பாகங்களை மாற்றிவிடாதீர்கள். மாற்ற வேண்டிய கட்டாயம் என்றால் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

வியாபாரியிடம் வாங்கியிருந்து அவர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருச்சியில் வாங்கிய காருக்கு ஆவூர்க்காரர் புதுக்கோட்டையிலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். உரிமையாளர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29 சி மூலம் தெரிவிக்க வேண்டும். "உங்க அங்கீகாரச் சான்றைக் காட்டுங்க" என்று கேட்பது நம் உரிமை.

தனி நபரிடம், தெரிந்தவர் மூலம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது. அங்கே நமக்குப் பாதுகாப்பு, வாங்கும் முன் பார்ப்பதுதான்.

வாங்கும் முன் பத்து நிமிடம்

நாங்கள் செய்யாமல் விட்டது இதுதான். நீங்கள் விடாதீர்கள்.

1. எஞ்சின் ஆறிய நிலையில் வண்டியைப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

2. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம் அல்லது மறைத்திருக்கலாம். இந்தச் சோதனைக்குக் காசு தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

3. விற்பவர் முன்னிலையிலேயே ஸ்கேனரைச் செருகுங்கள். குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். "அழித்தபின் ஓடிய தூரம்" எவ்வளவு, சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

4. ஏசி போட்டு, மேட்டில் ஏற்றி, முந்திப் பார்த்து 20 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். எங்கள் காரின் குறை முந்தும்போதுதான் வெளியே வந்தது. தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்திருக்காது.

5. விலை மிகவும் குறைவாக இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்கப்படுவது உண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்குக் கீழே உள்ள இரும்பில் துரு, மிதியடிக்குக் கீழே ஈர வாடை, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் புகுந்த ஒயர் இணைப்புகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்து, ஒவ்வொரு விளக்காக எரிய வைக்கும். அதற்கு முடிவே இருக்காது.

6. டெலிவரி சீட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். "எஞ்சின் குறியீடு எதுவும் இல்லை, சமீபத்தில் அழிக்கப்படவில்லை" என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

எங்கள் காரில் புதுக் காயில் போட்டபிறகு விளக்கு அணைந்தது, இதுவரை எரியவில்லை. அந்த போட்டோக்கள், மெக்கானிக் பில், டெலிவரி சீட்டு மூன்றையும் ஆர்சி புத்தகத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். சில வருடம் கழித்து இந்தக் காரை விற்கும்போது அந்த உறையையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுவோம்.